இருபது என்று எழுதிய கை



தங்கள் ஆசிரியரின் நினைவாக மாணவர்கள் ஒன்றுகூடி நிறுவிய அறக்கட்டளை இது. அவரை நான் பார்த்ததில்லை. என்னை அழைக்க வந்தவர்களிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். காலை ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கியதும், அதைப் படிப்பதற்கு முன்னாலேயே, “இதை எழுதினது யாரு? எப்போ எழுதினாங்க?” என்று கேட்பாராம். இதைக் கேட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பேச நினைத்திருந்ததும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

நான் புள்ளியியல் படித்தவன். மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இயந்திரம் என்ன கற்றுக்கொண்டது என்று மனிதர் படித்துப் பார்க்க முடியுமா? படித்தபின், தப்பாகக் கற்ற இடத்தில் கைவைத்துத் திருத்த முடியுமா? இன்றைக்கு இந்த இரண்டு கேள்விகள். 30 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். என் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் பெரும்பாலும் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1990களின் நடுப்பகுதி. நிமோனியாவோடு வருகிறவர்களில் யாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், யாருக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுக்க இயந்திரம் உதவுமா என்று ஆராய்ந்தார்கள். 14,199 நோயாளிகளின் பதிவுகள் கையில் இருந்தன. ஒவ்வொருவரைப் பற்றியும் 46 தகவல்கள்: வயது, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், ரத்தத்தில் யூரியா, பழைய நோய்கள். கற்பிப்பதற்கென்று ஒதுக்கிய 9,847 பேரில் 1,069 பேர் இறந்துபோனவர்கள். இந்த எண்களை வேகமாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. இயந்திரம் கற்றதெல்லாம் அவர்களிடமிருந்துதான்.

பல முறைகளைப் போட்டிக்கு விட்டார்கள். இறந்தவர் ஒருவரையும் பிழைத்தவர் ஒருவரையும் எடுத்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று இயந்திரத்தைக் கேட்க வேண்டும். 100 முறை கேட்டால் எத்தனை முறை சரியாகச் சொல்கிறது? பழைய புள்ளியியல் முறை 77 முறை சரியாகச் சொன்னது. நியூரல் நெட்வொர்க் 86 முறை சொன்னது. அந்த நெட்வொர்க்குக்குக் கற்பித்தவர் ரிச் கருவானா. அப்போது பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவர். வென்றது அவருடைய நெட்வொர்க். அதை நோயாளிகளிடம் பயன்படுத்தலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

காரணம், பக்கத்தில் நடந்த இன்னொரு முயற்சி. அதே பதிவுகளிலிருந்து, ‘இப்படியிருந்தால் இப்படி’ என்று வாசிக்கத்தக்க விதிகளைக் கற்கும் ஒரு முறையையும் சோதித்தார்கள். அது கற்ற விதிகளில் ஒன்று: நோயாளிக்கு ஆஸ்துமா இருந்தால் நிமோனியாவால் சாகும் ஆபத்து குறைவு.

இந்த அவையில் இருக்கும் மருத்துவர்கள் துணுக்குறுவது தெரிகிறது. அங்கிருந்த மருத்துவர்களும் அப்படித்தான் துணுக்குற்றார்கள். ஆனால் பதிவுகளைப் பார்த்தால் விதி உண்மை. ஆஸ்துமாக்காரர்கள் குறைவாகத்தான் இறந்திருந்தார்கள். ஏன் என்று டாக்டர்களால் உடனே சொல்ல முடிந்தது. ஆஸ்துமா உள்ளவர் நிமோனியாவோடு வந்தால் வார்டில் காத்திருக்க வைப்பதில்லை, பெரும்பாலும் நேரே ஐசியுவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவருக்கும் மூச்சுத் திணறல் பழக்கப்பட்ட விஷயம் என்பதால், ஏதோ சரியில்லை என்று சீக்கிரமே தெரிந்து ஓடிவந்துவிடுவார். இந்தக் கவனிப்புதான் அவரைப் பிழைக்க வைத்தது. இயந்திரத்துக்குத் தெரிந்ததோ ஆஸ்துமா என்ற சொல்லும், பிழைத்தார் என்ற முடிவும் மட்டும். நடுவில் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அதன் கண்ணில் படவில்லை. அந்த விதியை நம்பி யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தால், ஆஸ்துமாக்காரரைத்தான் முதலில் அனுப்பியிருப்பார்கள்.

கதையை இங்கே நிறுத்தி, ‘பாருங்கள், இயந்திரத்தை நம்பாதீர்கள்’ என்று சொல்வார்கள். எனக்கு மீதிக் கதைதான் முக்கியம்.

விதி தவறென்றால் அந்த ஒரு விதியை அடித்துவிடலாம். எழுத்தில் இருப்பதால் அடிக்க முடியும். ஆனால் அதே பதிவுகளைப் படித்த நெட்வொர்க்கும் அதையேதான் கற்றிருக்கும். அது எங்கே எழுதி வைத்திருக்கிறது? ‘எடைகள்’ என்னும் ஆயிரக்கணக்கான எண்களில் கரைந்து கிடக்கிறது. எந்த எண்ணை மாற்றினால் ஆஸ்துமா சரியாகும் என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. அப்படியே ஆஸ்துமாவைச் சரிசெய்தாலும், ஆஸ்துமாவைப் போல இன்னும் எத்தனை விஷயங்கள் அதற்குள் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? கருவானா பயந்தது இதற்குத்தான். ஆஸ்துமா கண்ணில் பட்டது, பக்கத்தில் ஒரு வாசிக்கத்தக்க முறை இருந்ததால் மட்டுமே. கண்ணில் படாதவற்றை யார் தேடுவது? நெட்வொர்க்கை ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

‘ஆஸ்துமா என்ற பத்தியையே எடுத்துவிட்டுக் கற்பித்தால் போச்சு’ என்று சிலர் சொல்வார்கள். என் மாணவர்கள் முதலில் சொல்லும் யோசனையும் இதுதான். பத்தியை எடுத்தால் ஆஸ்துமாவின் பெயர் போகும், சாயல் போகாது. நெஞ்சில் வீசிங் சத்தம் என்று இன்னொரு இடத்தில் குறித்திருப்பார்கள். வயது, பழைய மருந்துகள், வேறு மூச்சு நோய்கள் என்று நாலைந்து இடங்களில் அதன் நிழல் விழுந்திருக்கும். இயந்திரம் அந்த நிழல்களைக் கூட்டி அதே பாடத்தைத் திரும்பக் கற்றுக்கொள்ளும். பெயர் இல்லாததால் இனி நம்மால் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் கருவானா பின்னாளில் சொன்ன வழி இதற்கு நேர்மாறானது. பத்தியை வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் தன் தவறான பாடத்தை முழுவதும் அந்த ஒரே இடத்தில் எழுதட்டும். எழுதி முடித்தபின் அந்த இடத்தில் போய்த் திருத்துங்கள். சாதி, மதம், பாலினம் போன்ற விவரங்களைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டால் பாகுபாடு ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். தெருப் பெயரிலும் பள்ளிக்கூடத்தின் பெயரிலும் அந்த விவரங்கள் ஒளிந்திருக்கும்.

சரி, ஒரே இடத்தில் எழுத வைப்பது எப்படி?

நிமோனியாவுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘கர்ப் 65’ என்ற மதிப்பெண் முறை 2003-ல் வெளிவந்தது. ஐந்து கேள்விகள். நினைவு தடுமாறுகிறதா, ரத்தத்தில் யூரியா கூடியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேலா, ரத்த அழுத்தம் விழுந்திருக்கிறதா, வயது 65 அல்லது அதற்கு மேலா. ஆம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். கை விரல்களே போதும். இதன் அழகு, ஒவ்வொரு கேள்வியும் தன் பங்கைத் தனியாகச் சொல்வது. இதன் குறை, படிக்கட்டு போல ஒரே தாவலாகத் தாவுவது. 65-வது பிறந்த நாளுக்கு முந்தைய இரவு மதிப்பெண் இல்லை, விடிந்ததும் ஒன்று. பிறந்த நாள் எது என்று நோய் பார்ப்பதில்லை.

அந்தப் படிக்கட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வளைகோட்டைப் பதிவுகளே வரையட்டும். வயதுக்கு ஒரு கோடு, மூச்சுக்கு ஒரு கோடு, யூரியாவுக்கு ஒரு கோடு. ஒரு நோயாளி வந்தால் ஒவ்வொரு கோட்டிலும் அவர் நிற்கும் உயரத்தைக் குறித்துக் கூட்ட வேண்டும். இந்த யோசனையை 1986-ல் முன்வைத்தவர்கள் டிரெவர் ஹேஸ்டி, ராபர்ட் டிப்ஷிரானி. அவர்கள் காலத்துக் கோடுகள் வழவழப்பானவை. சின்ன மேடு பள்ளங்களை இழைத்துவிடும். 2012-ல் யின் லூ, கருவானா, யோஹனஸ் கெர்கே மூவரும் ஆம், இல்லை என்று கேள்வி கேள்வியாகக் கிளை பிரியும் சிறுசிறு முடிவு மரங்களைக் கொண்டு கோடுகளை வரைந்து பார்த்தார்கள். அந்தக் கோடுகள் கரடுமுரடானவை. திடீர்த் தாவல் இருந்தால் தாவலாகவே காட்டும். துல்லியமும் கூடியது. இந்தக் கரடுமுரடுதான் விலைமதிப்பற்றது. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

2015-ல் கருவானாவும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பழைய நிமோனியாப் பதிவுகளையே எடுத்து இந்தப் புது முறையில் ஓட்டினார்கள். வயதுக் கோடு 50 வரை தட்டையாகப் போகிறது, பிறகு மெல்ல ஏறுகிறது, 60களின் நடுவைத் தாண்டியதும் செங்குத்தாகிறது. ஆஸ்துமா இருக்கிறதே, எதிர்பார்த்தபடி ஆபத்தைக் குறைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதோடு இன்னும் இரண்டு: முன்பு இதய நோய் வந்தவர்களுக்கும் நெஞ்சுவலி வந்தவர்களுக்கும் ஆபத்து குறைவு என்று கோடுகள் சொல்லின. அதே காரணம்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை எந்த மருத்துவமனையும் காக்க வைக்காது. 20 ஆண்டுகளுக்கு முன் கருவானா பயந்தது வீணில்லை. ஆஸ்துமாவுக்குத் துணையாக இவையும் அந்தப் பதிவுகளில் இருந்திருக்கின்றன. துல்லியத்தில் இந்த வாசிக்கத்தக்க மாடல் நூற்றுக்கணக்கான மரங்களைக் கூட்டிச் சேர்க்கும் முறைகளுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. வாசிக்க முடிய வேண்டும் என்றால் துல்லியத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று இன்னும் பாடம் நடத்துகிறோம். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. மருத்துவமனை, வங்கிக் கடன், சிறை போன்ற இடங்களில் வரிசை வரிசையாகப் பத்திகளில் வரும் தகவல்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

படிக்க முடிந்தது. அடுத்து என்ன? 2022-ல் ஜார்ஜியா டெக், மைக்ரோசாஃப்ட், நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பே இந்தக் கேள்விதான். ‘கேம் சேஞ்சர்’ என்று ஒரு கருவியையும் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். வளைகோடு திரையில் வரும். மருத்துவர் தனக்கு ஒவ்வாத பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதைத் தட்டையாக்கலாம், பக்கத்துப் புள்ளிகளோடு இணைக்கலாம், இறங்கக் கூடாத இடத்தில் இறங்காமல் ஏறுமுகமாகவே வைக்கலாம். மாற்றும்போதே எத்தனை நோயாளிகளின் கணிப்பு மாறுகிறது, துல்லியம் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் அவருடைய கணினியிலேயே நடக்கிறது, நோயாளியின் தகவல் வெளியே போவதில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அது காரணம் கேட்பது. என்ன மாற்றினார், எதற்காக மாற்றினார் என்று வரிசையாகச் சேமிக்கிறது. பின்னால் வருகிறவர் படிக்கலாம், வேண்டாமென்றால் பழையபடி திருப்பலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதைப் புரியவைக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. 1887-ல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததிலிருந்து நம்மிடம் ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. ஏட்டுக்கு ஏடு பாடம் மாறும். பதிப்பாசிரியர் ஒன்றைத் தேர்கிறார். தேர்ந்ததை மேலே வைத்து, தள்ளியதைக் கீழே பாடபேதமாகக் குறிக்கிறார். அவர் தவறியிருந்தால் அடுத்த தலைமுறை அந்த அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மேலேறி வரலாம். குறிப்பில்லாமல் திருத்துவதை நாம் பதிப்பு என்று ஏற்பதில்லை.

இனி என் அனுபவம். ஊரையும் மருத்துவமனையையும் சொல்லப் போவதில்லை.

ஒரு காய்ச்சல் வார்டு. இரவில் யாருடைய நிலை மோசமாகும், யாரை முன்கூட்டியே ஐசியுவுக்கு மாற்ற வேண்டும் என்று கணிக்க, பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து ஒரு மாடல் செய்தோம். நான் சொன்ன அதே வகை, கரடுமுரடான கோடுகள் உள்ளது. மூச்சு வேகத்துக்கான கோட்டைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. 24-க்கு மேல் ஏறியது, அது நியாயம். ஆனால் சரியாக 20-ல் ஒரு பள்ளம். 19-க்குக் கொஞ்சம் ஆபத்து, 21-க்குக் கொஞ்சம் ஆபத்து, நடுவில் 20-க்கு மட்டும் கிட்டத்தட்ட ஆபத்தே இல்லை. ஆணி அடித்துப் பிடுங்கிய துளை மாதிரி. பதிவுகளைப் புரட்டினால் பக்கம் பக்கமாக 20, 20, 20.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, “இது இரைச்சல் சார், இழைச்சு விட்டுரலாம்” என்றான். திருத்தும் கருவி கையில் இருக்கிறது, இரண்டு நொடி வேலை. எனக்கும் அதுதான் தோன்றியது. நல்ல வேளை, அந்த வாரம் கோடுகளை ஏ4 தாளில் அச்செடுத்து வார்டுக்கு எடுத்துப் போகும் முறை இருந்தது. டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, “20 நார்மல்தானே, சரியாத்தான் இருக்கு” என்று கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் மருந்து அட்டவணை எழுதிக்கொண்டிருந்த மூத்த ஸ்டாஃப் நர்ஸ் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தவர். “சிஸ்டர், நீங்க பாருங்களேன்” என்று தாளைக் கொடுத்தேன்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பள்ளத்தின்மேல் விரல் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “சார், மூச்சு எண்ணணும்னா ஒரு நிமிஷம் கட்டில் பக்கத்துல நிக்கணும். ராத்திரி இந்த வார்டுக்கு நாங்க ரெண்டு பேரு. பார்த்தாலே தெரியும் சார், யாரு நல்லா இருக்காங்கன்னு. அவங்களுக்கு இருபதுன்னு போட்டுருவோம். முகம் சரியில்ல, பேசுறப்ப இழுக்குதுன்னா நின்னு எண்ணுவோம்.”

அந்த 20 யாருடைய மூச்சும் இல்லை. ‘பார்த்தேன், இவரைப் பற்றிப் பயமில்லை’ என்று முப்பது வருடம் வார்டில் நின்ற ஒருவர் எழுதிய தீர்ப்பு அது. 19-ம் 21-ம் அவர் சந்தேகப்பட்டு எண்ணியவர்களின் எண்கள். அதனால்தான் அவற்றில் ஆபத்து. இயந்திரம் அந்தத் தீர்ப்பைச் சரியாகவே படித்துவிட்டது. ஆனால் அதை மூச்சின் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டது.

இப்போது எதைத் திருத்துவது? தம்பி சொன்னபடி இழைத்திருந்தால், அந்த வார்டிலேயே நம்பத்தக்க கண்ணை மாடலிலிருந்து பிடுங்கி எறிந்திருப்போம். துல்லியமும் குறைந்திருக்கும். இழைக்காமல் விட்டால்? நாளைக்கு மூச்சைத் தானே எண்ணும் மானிட்டர் வாங்கி மாட்டுவார்கள். அப்போது உண்மையாகவே 20 மூச்சு விடும் ஒருவர் வருவார், அவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாடலோ பயமில்லை என்று சொல்லும். ஆஸ்துமாவின் கதையேதான். மனிதர் செய்த காரியத்தை நோயாளியின் குணமாக இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரே வித்தியாசம், இங்கே எங்கள் திருத்தும் பேனா தப்பான இடத்தில் இறங்கப் பார்த்தது.

கடைசியில் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்த்தோம். மூச்சு எண்ணியதா, பார்த்துப் போட்டதா என்று ஒன்று. செவிலியருக்கு இந்த நோயாளியைப் பற்றிக் கவலை உண்டா, இல்லையா என்று இன்னொன்று. செவிலியரின் கவலையையே ஓர் அறிகுறியாகக் கணக்கில் எடுக்கும் எச்சரிக்கை முறைகள் வெளிநாட்டு மருத்துவமனைகளில் ஏற்கெனவே உண்டு. புதிய படிவத்தில் போதிய பதிவுகள் சேர்ந்தபின் மறுபடி கற்பித்தோம். 20-ல் இருந்த பள்ளம் தூர்ந்தது. அந்த ஆழமெல்லாம் கவலைக் கட்டத்துக்கு இடம் மாறியது.

இதிலிருந்து எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். திருத்தும் உரிமை, அந்தத் தகவல் பிறக்கும் இடத்தில் நிற்பவருக்குப் போக வேண்டும். எங்கள் மென்பொருளில் நுழைவுச்சொல் டாக்டர்களுக்கு இருந்தது, எங்கள் குழுவுக்கு இருந்தது. அந்த நர்ஸுக்கு இல்லை. வாசிக்கத்தக்க மாடல் செய்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம், யார் வாசிக்க என்று கேட்டுக்கொள்ளவில்லை. கிரியேட்டினின் கோட்டை ஒரு சிறுநீரகத் துறை டெக்னீஷியன் பார்த்தால், மேலே போய் ஏன் இறங்குகிறது என்று படித்த உடனே சொல்வார்: அந்த அளவில் டயாலிசிஸ் தொடங்கிவிடுகிறார்கள். புள்ளியியல்காரன் அதற்கு ஆறு மாதம் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

திருத்தத்திலும் ஆபத்து உண்டு. ஒருவர் தன் தப்பெண்ணத்தையே அனுபவம் என்று நினைத்து வரைந்துவிடலாம். அப்படியானால் திருத்தியபின் துல்லியம் குறைந்தால் திருத்தம் தப்பு என்று வைத்துக்கொள்ளலாமா? முடியாது. ஆஸ்துமாவைச் சரிசெய்தால் பழைய பதிவுகளில் துல்லியம் குறையத்தான் செய்யும். ஏனென்றால் சோதிப்பதற்கு வைத்திருக்கும் பதிவுகளிலும் ஆஸ்துமாக்காரர்கள் ஐசியுவில் பிழைத்தவர்கள்தான். தப்பான பாடத்தை வைத்துத் தேர்வு நடத்தினால் சரியான விடைக்கு மதிப்பெண் குறையும். ஆகவே எண் மட்டும் நடுவராக இருக்க முடியாது. காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தோடு வாதாட இன்னொருவருக்கு இடம் இருக்க வேண்டும்.

இதெல்லாம் புதிய ஞானமும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 1970களில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய ‘மைசின்’, ரத்தத்தில் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கு எந்த மருந்து என்று ஆலோசனை சொல்லும். அதில் எல்லாம் விதிகள். ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறாய் என்று மருத்துவர் கேட்டால், இந்த விதிக்காகக் கேட்கிறேன் என்று பதில் வரும். ராண்டல் டேவிஸ் அதற்கு ‘டெய்ரீசியஸ்’ என்று ஒரு துணைக் கருவி செய்தார். முடிவு தப்பென்று மருத்துவர் சொன்னால், எந்த விதியால் அந்த முடிவு வந்தது என்று பின்னோக்கி அழைத்துப் போய், அந்த விதியை அவரையே திருத்தச் சொல்லும். 50 ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவரின் கையில் பேனா இருந்தது. பிறகு பதிவுகளிலிருந்து தானே கற்கும் இயந்திரங்கள் வந்தன. துல்லியம் ஏறியது, பேனா கையை விட்டுப் போயிற்று. நாம் இப்போது செய்வது அதைத் திரும்ப வாங்கும் வேலை.

‘இன்றைக்கு எல்லோரும் பேசும் பெரிய மொழி மாடல்களை இப்படிப் படித்துத் திருத்த முடியுமா?’ என்று மாணவர்கள் கேட்பீர்கள். கொஞ்சம் முடிகிறது. 2022-ல் கெவின் மெங், டேவிட் பாவ் உள்ளிட்டோர் ஒரு மொழி மாடலுக்குள் ஒரு குறிப்பிட்ட தகவல் எந்த அடுக்கில் தங்கியிருக்கிறது என்று தேடிப்போய், அங்கே மட்டும் எடைகளை மாற்றினார்கள். ஈஃபில் கோபுரம் ரோம் நகரில் இருப்பதாக அந்த மாடல் நம்பத் தொடங்கியது. பிரமிப்பான வேலை. ஆனால் ஒரு தகவலை மாற்றினால் அதைச் சார்ந்த பத்துத் தகவல்கள் தாமாக மாற வேண்டுமே, அவை மாறுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2024-ல் ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் தங்கள் மாடலுக்குள் லட்சக்கணக்கான கருத்துக் கூறுகளைப் பிரித்தெடுத்து, சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் குறிக்கும் ஒரு கூறைத் திருகி ஏற்றிக் காட்டினார்கள். எதைக் கேட்டாலும் மாடல் பாலத்துக்கே வந்து சேர்ந்தது. உள்ளே வெளிச்சம் விழத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நர்ஸ் விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அதனால், உயிரும் சிறையும் பிழைப்பும் சம்பந்தப்பட்ட முடிவுகளுக்கு இருட்டுப் பெட்டியை வைத்து, அதற்கு வெளியிலிருந்து விளக்கம் ஒட்டாதீர்கள், முதலிலேயே வாசிக்கத்தக்கதைச் செய்யுங்கள் என்று சிந்தியா ரூடின் 2019-ல் எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். 2023-ல் நம் நாட்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தகவல் தப்பாக இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்தத் தகவல்களிலிருந்து ஓர் இயந்திரம் கற்ற பாடம் தப்பாக இருந்தால் அதையும் திருத்தக் கேட்க வேண்டும். அதற்கான வழக்கறிஞர்கள் இந்த அவையிலிருந்தே வரட்டும்.

வார்டில் நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நர்ஸ் எல்லாம் சொல்லி முடித்தபின் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தவர் கையை எடுக்கவில்லை. “சார், இதனால எங்களுக்கு மெமோ வராதே?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. மாடலை வாசிக்கத்தக்கதாகச் செய்வதைப் பற்றி நான் அதுவரை எத்தனையோ கூட்டங்களில் பேசியிருந்தேன். அதை வாசிக்கும்போது, அதற்குள் எழுதியவர்களையும் சேர்த்து வாசிக்கிறோம் என்று அந்த நிமிடம்தான் உறைத்தது. எந்த ஷிஃப்ட், எந்தத் தேதி, எந்தக் கையெழுத்து என்று எல்லாமே எங்கள் கோப்பில் இருந்தது. யாராவது கேட்டால் ஐந்து நிமிடத்தில் பட்டியல் எடுத்துவிடலாம்.

அன்று இரவே அந்தப் பத்திகளை அழித்துவிட்டு அறிக்கையை எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு என்று சொன்னேன் அல்லவா? மூச்சு வளைகோட்டுக்கு அதில் இப்படி எழுதினேன்: ‘இரவில் இந்த வார்டில் பணியில் இருப்பவர்கள் இருவர். ஒருவருடைய மூச்சை எண்ண ஒரு நிமிடம் ஆகும்.’